தள்ளுபடி யாருக்கு?

ஆடித் தள்ளுபடி என்றால் நம் ஊரில் ஒரு மாதத்துக்குத்தான். ஜவுளிக்கடை வாசலில் துணிப் பதாகை தொங்கும், கூட்டம் முண்டியடிக்கும், ஆவணி பிறந்ததும் பதாகை இறங்கிவிடும். ஆனால் இந்த மும்பை மாநகரில் ஒரே ஒரு சரக்குக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் ஆடிமாதம்தான். வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு, அதாவது பிராட்பேண்ட்தான் அந்தச் சரக்கு. செம்பூர் ஸ்டேஷன் வாசலில் துண்டுக் காகிதம் கொடுக்கிறார்கள். லிஃப்டுக்குள் ஒட்டுகிறார்கள். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் மடியில் விழுகிறது. "ஓராண்டு கட்டினால் ஒரு மாதம் இலவசம், இணைப்புக் கூலி இல்லை, ரௌட்டர் இலவசம்!"

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நானும்தான் நினைத்திருந்தேன், சென்ற மாதம் தாராவிக்குப் போகும்வரை.

அங்கே என் அக்காள் மகள் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினால் பத்து மணிக்குத் திரும்புவார். மாவாட்டுவது முதல் சட்னி அரைப்பது வரை இவள் வேலை. மகன் பன்னிரண்டாம் வகுப்பு, விஞ்ஞானப் பிரிவு. பொறியியல் நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறான். பாடம், மாதிரித் தேர்வு, விண்ணப்பம் எல்லாம் இப்போது இணையத்தில்தான் என்பதால், சீட்டு எடுத்த பணத்தில் வீட்டுக்கு பிராட்பேண்ட் வைத்தாள். மாதம் 600 ரூபாய்த் திட்டம். மாதாமாதம் கட்டினால் இணைப்புக் கூலி ஆயிரம் ரூபாய் தனி. பன்னிரண்டு மாதம் மொத்தமாகக் கட்டினால் அந்த ஆயிரமும் இல்லை, பதின்மூன்றாவது மாதம் இலவசம் என்றார்கள். 7,200 ரூபாய், அதன்மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி 1,296 ரூபாய், ஆக 8,496 ரூபாயை எண்ணிக் கொடுத்தாள்.

ஐந்தாவது மாதம் முடியும்போது அறையின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இவர்களும் நல்லபடியாகவே இரண்டு சந்து தள்ளி வேறு அறை பிடித்தார்கள். இணைப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தச் சந்தில் அந்த நிறுவனத்தின் ஒயர் இல்லை. மீதிப் பணம்? "சலுகைத் திட்டத்தில் பணம் திரும்பத் தரப்படமாட்டாது."

வாசகர்கள் ஒரு நிமிடம் என்னோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவள் மாதாமாதம் கட்டியிருந்தால் ஐந்து மாதத்துக்கு வரியோடு 3,540 ரூபாய். இணைப்புக் கூலி ஆயிரம் சேர்த்தால் 4,540. தள்ளுபடியில் கட்டியது 8,496. ஆக, தள்ளுபடி வாங்கியதற்காக அவள் கொடுத்த கூடுதல் தொகை 3,956 ரூபாய்! எத்தனை ஈடு இட்லி வேக வேண்டும் இந்தப் பணத்துக்கு?

மாமன் என்ற உரிமையில் நான் கொஞ்சம் கடிந்துகொண்டேன். "கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்க வேண்டாமா?" என்றேன். அவள் தலை நிமிராமல் மாவைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்: "படிச்சேன் மாமா. வீடு மாறுனா என்னன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. வீடு மாறாதவங்களுக்கு எழுதுன காகிதம் மாமா அது."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் செம்பூரில் சொந்த வீட்டில் இருக்கும் நானும் இதேபோன்ற ஒரு திட்டத்தில்தான் ஆண்டுக் கட்டணம் கட்டியிருந்தேன். எனக்குப் பதின்மூன்றாவது மாதம் ஒழுங்காக இலவசமாகக் கிடைத்தது. ஓய்வூதியம் வாங்குகிற எனக்கு லாபம். இட்லி விற்கிற அவளுக்கு நஷ்டம். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை: தள்ளுபடி யாருக்கு?

இணையம் மலிவாகிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். மணிக்கு 20 ரூபாய், அதற்குமேல் தொலைபேசிக் கட்டணம் வேறு. வேகமோ 9.6 கேபிபிஎஸ். எம்.டி.என்.எல். 2005ஆம் ஆண்டில் பிராட்பேண்ட் கொண்டுவந்தபோது 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்பது அரசாங்கத்தின் இலக்கணம். 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதன் ஆரம்பக் கட்டணம் 30 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 399 ரூபாய் ஆனது. ஏர்டெல்லும் அதே மாதத்தில் 40 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 499 என்றது. 399 ரூபாயோடு வரியைச் சேர்த்தால் சுமார் 471. மாதத்தின் 720 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 65 காசு! தாராவியில் எஸ்.டி.டி. பூத் வாசலில் கால் கட்டணத்துக்காக இரவு பதினொரு மணிவரை காத்திருந்து, ஊரில் இருக்கும் அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு மீட்டரைப் பார்த்துப் பதறிய தலைமுறை நாம். இந்த மலிவின் அருமை நமக்குத் தெரியாதா?

ஆனால் மலிவு வேறு, நியாயம் வேறு.

என் மைத்துனர் ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் இருக்கிறார். இதைப் பற்றிப் பேசும்போது அவர் சிரித்தார். "இங்கேயும் தள்ளுபடிதான் அத்தான். முதல் ஆறு மாதம் குறைந்த கட்டணம், அப்புறம் ஏற்றிவிடுவான். ஏற்றினதும் நான் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவேன்" என்றார். அது எப்படி அவ்வளவு சுலபம் என்று விசாரித்தேன். அங்கே 2009ஆம் ஆண்டில் அரசாங்கமே என்பிஎன் என்ற நிறுவனத்தை அமைத்து நாடு முழுவதற்கும் இணைப்பு வலையைப் போட்டது. வீட்டுக்கு வரும் கம்பி பெரும்பாலும் அதனுடையது. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் போன்ற நிறுவனங்கள் அந்தக் கம்பியை மொத்தமாக வாடகைக்கு எடுத்துச் சில்லறையில் விற்கின்றன. நிறுவனம் மாறினாலும் கம்பி மாறுவதில்லை. இன்னொன்றும் சொன்னார். அங்குள்ள நுகர்வோர் ஆணையம் கேட்டுக்கொண்டபடி, மாலை 7 மணி முதல் 11 மணி வரை, ஊரே இணையத்தில் இருக்கும் நேரத்தில் என்ன வேகம் கிடைக்கும் என்பதை நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சொல்கின்றன.

நம் மும்பையிலோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு ஒயர். ஜியோ, ஏர்டெல், எம்.டி.என்.எல்., ஹாத்வே, டாடா பிளே, தெருவுக்குத் தெரு கேபிள்காரர் என்று பட்டியல் நீளமாகத் தோன்றும். ஆனால் நம் சந்துக்குள், நம் கட்டடத்துக்குள் யாருடைய ஒயர் வந்திருக்கிறது என்று பார்த்தால் ஒன்றோ இரண்டோதான் தேறும். இதில் ஹாத்வேயின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்குவதாக 2018 அக்டோபரில் ரிலையன்ஸ் அறிவித்து வாங்கியும்விட்டது. ஜியோவும் ரிலையன்ஸ்தான். பெயர் இரண்டு, முதலாளி ஒருவர். மாறுவது என்றால் புது ஒயர், புது ரௌட்டர், புது டெபாசிட். வேகத்தைப் பொறுத்தவரை நம் விளம்பரங்களில் "100 எம்பிபிஎஸ் வரை" என்று இருக்கும். அந்த "வரை" என்ற சொல்லில்தான் எல்லாச் சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. பத்தும் நூறு "வரை"க்குள் அடக்கம்தானே!

ஆகவே, புதிதாக இணைப்பு வாங்கப் போகும் நம் குடும்பங்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, மாதக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள், நீங்கள் இருக்கப் போகும் காலத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். கட்டணம், 18 சதவிகித வரி, இணைப்புக் கூலி, ரௌட்டர் டெபாசிட், சலுகைக் காலம் முடிந்தபின் ஏறும் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வியாபாரத்துக்கே சொல்லி வைத்ததுபோல் இருக்கும். மும்பையில் வாடகை ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் பதினோரு மாதம். பதினோரு மாத வீட்டில் இருந்துகொண்டு பன்னிரண்டு மாதத் திட்டம் வாங்குவது, ரயில் தாதரோடு நிற்கும் என்று தெரிந்தும் தாணே வரை டிக்கெட் எடுப்பது போல. மாட்டுங்காவில் தலைமுறையாக ஒரே வீட்டில் இருக்கிறீர்களா? தாராளமாக ஆண்டுக் கட்டணம் கட்டுங்கள், லாபம்தான். வாடகைக் குடித்தனமா? மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். தாராவியில் மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது நமக்கெல்லாம் தெரியும். எந்தச் சந்து எப்போது காலியாகும் என்று தெரியாத நிலையில் நீண்ட காலத் திட்டம் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, தேவைக்கு மேல் வேகம் வாங்காதீர்கள். தெளிவான படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஒருவர் படம் பார்க்க, ஒருவர் படிக்க, ஒருவர் ஊருக்கு வீடியோவில் பேச, 30 அல்லது 40 எம்பிபிஎஸ் ஒழுங்காகக் கிடைத்தால் தாராளம். "அன்லிமிடெட்" என்று விற்கும் திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்று ஓர் எல்லை பொடி எழுத்தில் இருக்கும். அதைக் கண்டு மிரள வேண்டாம். மணிக்கு 3 ஜிபி என்று வைத்தாலும் 1,100 மணி நேரம் படம் ஓடும். மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான்! மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் "படுக்கையறையில் வரவில்லை" என்று 100லிருந்து 300க்கு மாறியவர்களை நான் அறிவேன். மாறிய பிறகும் படுக்கையறையில் வரவில்லை. தடுத்தது அந்தக் காலத்துக் கனத்த சுவர். ரௌட்டரை வாசல் மூலையிலிருந்து எடுத்து வீட்டின் நடுவில், உயரத்தில் வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

மூன்றாவது, விளம்பரத்தைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டைக் கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டில் வேகம் எப்படி, சென்ற மழைக்காலத்தில் எத்தனை நாள் அறுந்து கிடந்தது, புகார் செய்தால் எத்தனை நாளில் ஆள் வந்தது என்று கேளுங்கள். நிறுவனம் ஒன்றே ஆனாலும் தெருவுக்குத் தெரு ஒயரும் ஆளும் வேறு. "வீடு மாறினால் என்ன செய்வீர்கள், மீதிப் பணம் திரும்புமா?" என்ற கேள்வியை விற்பனைப் பையனிடம் வாயால் கேட்டால் போதாது. எழுத்தில் அல்லது வாட்ஸப்பில் பதில் வாங்குங்கள்.

நான்காவது, கைபேசியில்தான் டேட்டா வருகிறதே, இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். கைபேசித் திட்டம் பலவும் 28 நாள் கணக்கு. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை கட்டுகிறோம். 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை ஏற்றிவிட்டன. மூன்று கைபேசிக்கு 300 ரூபாய் வீதம் வைத்தால் ஆண்டுக்கு 11,700 ரூபாய். வீட்டு இணைப்பு, மேலே சொன்ன 471 கணக்கில், ஆண்டுக்கு 5,652. கைபேசிக்கும் குறைந்தபட்ச ரீசார்ஜ் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத பாட்டியின் கைபேசிக்கு அது போதுமே! வெளியிலேயே சுற்றுபவர் ஒருவர் மட்டும் உள்ள அறை என்றால் பிராட்பேண்ட் வேண்டாம், கைபேசியே சிக்கனம். வீட்டுக்கு வீடு கணக்கு வேறு.

கடைசியாக, தகராறு வந்தால் கேபிள்காரரோடு தெருவில் சண்டை போடுவதில் பயனில்லை. நிறுவனத்தின் புகார் எண்ணில் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இந்த இரண்டடுக்கு ஏற்பாடு 2012லேயே டிராய் விதித்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டெபாசிட்டைத் திருப்பித் தருவதற்கும் விதியில் கெடு உண்டு. கேட்காமல் விடுவது நாம்தான்.

இவ்வளவும் தனித்தனிக் குடும்பங்களுக்கு. ஆனால் என் ஆதங்கம் இதோடு தீரவில்லை.

மொத்தமாகப் பணம் வைத்திருப்பவனுக்கும் ஒரே இடத்தில் நிலையாக இருப்பவனுக்கும் கிடைப்பதுதான் தள்ளுபடி. அன்றன்றைக்குச் சம்பாதித்து அறை அறையாக மாறுபவன் முழு விலை கொடுக்கிறான். ஆசைப்பட்டுத் தள்ளுபடிக்குப் போனால் அதைவிட அதிகமாகக் கொடுக்கிறான். மளிகையில் மூட்டையாக வாங்குபவனுக்கு ஒரு விலை, காலே அரைக்கால் கிலோ வாங்குபவனுக்கு ஒரு விலை என்பது பழைய கதைதான். ஆனால் இணையம் இன்று மளிகை போன்ற சரக்கு மட்டும் அல்ல. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது தாராவியில் ஒரே அறையில் மூன்று பிள்ளைகள் ஒரு கைபேசிக்கு முறை வைத்துக் காத்திருந்ததை நாம் பார்த்தோம். கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே கூறிவிட்டது. உரிமை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஒயர் மட்டும் சந்துக்குள் வரவில்லை.

நாடு முழுவதற்கும் ஒரே வலை போட நம்மால் முடியாது. ஆனால் நம் சங்கத்தால் முடிந்தவை சில உண்டு. ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சயான் என்று பகுதிவாரியாக உறுப்பினர்கள் தங்கள் தெரு, நிறுவனம், வரியோடு கட்டும் தொகை, இரவு ஒன்பது மணி வேகம், டெபாசிட் திரும்பியதா இல்லையா என்று எழுதி வைத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த இதழில் ஒரு பக்கம் வெளியிடலாம். எந்த விளம்பரமும் தராத உண்மை அதில் இருக்கும். இரண்டு, ஒரு சிறு சுழல்நிதி. டெபாசிட்டுக்கும் இணைப்புக் கூலிக்கும் இரண்டாயிரம் ரூபாய் புரட்ட முடியாத மாணவர் குடும்பத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்து, மாதம் இருநூறாகத் திரும்ப வாங்கலாம். பத்துக் குடும்பத்துக்கு இருபதாயிரம் போதும். ஆண்டு விழா மேடை அலங்காரத்தில் இதைவிட அதிகம் செலவழித்திருக்கிறோம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் சுலபமானது. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. நம் சங்க அலுவலகத்தில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. ஆண்டுக் கட்டணம், தள்ளுபடியில் வாங்கியது. நான் செயற்குழுவில் இருந்த காலத்தில் நானேதான் கையெழுத்துப் போட்டேன். கணக்கெழுதவும் அழைப்பிதழ் அனுப்பவும் தவிர அது எதற்கும் பயன்படுவதில்லை. மாலை ஏழு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுகிறோம். இரவு முழுவதும் அந்த ரௌட்டர் யாருக்காகவோ பச்சை விளக்கு எரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

என் அக்காள் பேரன் அந்த நேரத்தில் அம்மாவின் கைபேசியில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான். அன்றன்றைய டேட்டா தீர்ந்தால் பாதிக் கேள்வியில் எழுந்துகொள்கிறான்.

பூட்டை இரவு பத்து மணிவரை திறந்து வைப்போமே! பத்து நாற்காலியும் இரண்டு மேசையும் ஏற்கெனவே இருக்கின்றன. காவலுக்கு ஆள் வேண்டும், பொறுப்புக்கு யார் என்று செயற்குழு கேட்கும். நியாயமான கேள்விதான். செவ்வாயும் வெள்ளியும் நான் வந்து இருக்கிறேன். சாவியை என்னிடம் கொடுங்கள். மற்ற ஐந்து நாளைக்கு ஐந்து பேர் முன்வர மாட்டார்களா?